பையிலேயே கிடந்த வீட்டுப்பாடம்

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். ஏடிஹெச்டி, அதாவது கவனம் சிதறுகிற, துறுதுறுவென்று இருக்கிற குறைபாடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்று நினைக்கிறோம். வாயால் கேட்டால் கணக்கைச் சரியாகச் சொல்கிறான். எழுத உட்கார்ந்தால், ஆறு மணிக்குத் திறந்த நோட்டு ஒன்பது மணிக்கும் அதே பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் முடித்த வீட்டுப்பாடத்தைக்கூட டீச்சரிடம் காட்டாமல் பையிலேயே வைத்திருந்தான். நான் வீட்டில் ராட்டையில் தறிக்குத் தார் (நாடாவில் வைக்கும் நூல் கண்டு) சுற்றுகிறேன். என்ன செய்யலாம்? (ஒரு தாய், குடியாத்தம்)

பதில்: முடித்த வீட்டுப்பாடத்தைக் காட்டாமல் திரும்பி வந்தான் என்கிறீர்களே, அவன் சோம்பேறி இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. சோம்பேறிப் பிள்ளை அதை எழுதியே இருக்காது. ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளில் பலருக்குப் பாடம் புரியும். எதில் தொடங்குவது, எவ்வளவு நேரம் போனது, அடுத்து என்ன என்பதை மனதில் பிடித்து வைப்பதில்தான் தடுமாறுவார்கள். ஆகவே ‘ஞாபகம் வச்சுக்கோ’ என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோகாதீர்கள். அவன் மனதில் நிற்காததைக் கண்ணெதிரே வையுங்கள்.

உங்கள் ராட்டையே இதற்கு உதவும். அவன் எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சொல்லித்தர வேண்டாம், திட்டவும் வேண்டாம். அருகில் ஒருவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கை ஓடும். பத்து நிமிடத்தில் எத்தனை தார் சுற்றுவீர்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். அத்தனை தார் கூடையில் விழும்வரை அவன் எழுதட்டும். கடிகார முள்ளைவிட, நிறைகிற கூடை அவனுக்கு நேரத்தைத் தெளிவாகக் காட்டும். அப்புறம் ஐந்து நிமிடம் எழுந்து ஓடட்டும், ஒரு குடம் தண்ணீர் எடுத்து வரட்டும். மறுபடி அடுத்த பத்து நிமிடம். ராட்டைச் சத்தம் அவனைக் கலைத்தால், அந்த நேரத்தில் காய் நறுக்குங்கள்.

பத்துக் கணக்கை மொத்தமாகப் பார்த்தால் மலைத்துவிடுவான். ஒன்றை மட்டும் விட்டு மற்றதை ஒரு தாளால் மூடுங்கள். முடித்ததும் அங்கேயே ஒரு டிக், ஒரு பாராட்டு. முழுப்பரீட்சையில் மார்க் வாங்கினால் சைக்கிள் என்பதெல்லாம் அவனுக்கு எட்டாத தூரம்.

எழுதிய நோட்டு உடனே பைக்குள், பை இரவிலேயே வாசற்கதவருகில். ‘நோட்டைக் காட்டு’ என்று ஒரு சீட்டை அவன் திறக்கும் டிபன் டப்பா மூடியில் ஒட்டுங்கள்.

வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள். முன்வரிசை, ஜன்னலுக்குத் தள்ளி ஓர் இடம், பத்துக்குப் பதில் ஐந்து கணக்கு, வீட்டுப்பாடத்தை அவரே கேட்டு வாங்குவது. இவ்வளவு கேட்டால் போதும். தண்டனையாக ஐம்பது தடவை எழுதச் சொல்வது இவனுக்கு உதவாது என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

மாத்திரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆறு வயதுக்குக் கீழே பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் சிகிச்சை. உங்கள் மகன் வயதில் பயிற்சியும் மருந்தும் சேர்ந்து நல்ல பலன் தருகின்றன. இரண்டு மூன்று மாதம் இப்படி முயன்றும் அவன் திணறினால், மாத்திரையைத் தோல்வியாக நினைக்காதீர்கள். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது, அங்கே குழந்தைகளுக்கும் சிகிச்சை உண்டு. வாயால் சொல்பவன் எழுத மட்டும் திணறுவதால், கற்றல் குறைபாடும் (படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது ஆகியவற்றில் மட்டும் வரும் சிரமம்) இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் கற்றல் குறைபாடு இருக்கிறது. சான்றிதழ் கிடைத்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். போகும்போது அந்தக் கணக்கு நோட்டையும் கொண்டுபோங்கள்.