உண்ணி கடித்தும் மாடு ஏன் உடனே சொறிவதில்லை?

பென்னாகரம் பக்கம் ஆலம்பாடி மாடு வளர்ப்பவரின் கேள்வி இது: மடியோரம் உண்ணி நாள்கணக்கில் ஒட்டியிருந்தும் மாட்டுக்கு ஏன் அரிப்பு தெரிவதில்லை?

காரணம் உண்ணியின் எச்சில். கடிபட்ட தோல் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியிடும். அரிப்பும் வீக்கமும் அதனால்தான். எச்சிலிலுள்ள சில புரதங்கள் அந்த ஹிஸ்டமினையே பிடித்து அடக்கிவிடுகின்றன. அதைவிட நுட்பமானவை எவாசின்கள் என்ற எச்சில் புரதங்கள். நாய்களில் அப்பும் பழுப்பு உண்ணியில் கண்டறியப்பட்ட இவை, வெள்ளணுக்களை வரவழைக்கும் சமிக்ஞைப் புரதங்களான கீமோகைன்களை மறிக்கின்றன; நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணு வகையை அழைப்பவற்றுக்கென்றே எவாசின்-3 இருக்கிறது. ஒரு புரதத்தைத் தடுத்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். எச்சிலுக்கு எதிரான தடுப்பூசி கடினமாவது இதனால்தான்.

பிடுங்கும்போது உண்ணியின் வயிற்றை நசுக்காதீர்கள், உள்ளிருப்பது காயத்துக்குள் போகலாம். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுங்கள்.