டி டிரைவை அழித்தும் சி டிரைவில் இடம் சேரவில்லை, 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகவே இருக்கிறது. என்ன செய்வது?

கேள்வியில் உள்ள அமைப்பு இதுதான்: விண்டோஸ் 11, 256 ஜிபி எஸ்எஸ்டி. டிஸ்க்கின் பார்ட்டிஷன்கள் (பிரிவுகள்) இடமிருந்து வலமாக: இஎஃப்ஐ (விண்டோஸைப் பூட் செய்யும் கோப்புகள் உள்ளது), சி, சுமார் 600 எம்பி ரெக்கவரி (விண்டோஸ் பழுதானால் சரிசெய்யும் கருவிகள் உள்ளது), கடைசியில் 100 ஜிபி டி. டி-யை அழித்த பிறகு அந்த இடம் கறுப்புப் பட்டையோடு 'அன்அலொகேட்டட்' (எதற்கும் ஒதுக்காத இடம்) என்று நிற்கிறது. ஆனால் சி அதை எடுத்துக்கொள்ள மறுக்கிறது.

குறுக்கே ரெக்கவரி உட்கார்ந்திருப்பதுதான் காரணம். பார்ட்டிஷன்களைக் கையாளும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட், சி-க்கு வலப்பக்கம் ஒட்டியபடி இருக்கும் காலி இடத்தை மட்டும்தான் சி-யோடு சேர்க்கும். நடுவில் 1 எம்பி-க்கு வேறு பார்ட்டிஷன் இருந்தாலும் நடக்காது. ஆகவே எதையும் அழிப்பதற்கு முன்னால் அளவைப் பார்ப்பதைவிட அது எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே முக்கியம்.

256 ஜிபி டிஸ்க் விண்டோஸில் 238 என்றுதான் காட்டும். மிச்சம் எந்தப் பார்ட்டிஷனிலும் ஒளிந்திருக்கவில்லை. தயாரிப்பாளர் 1000-ஆல் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். அதைத் தேடிப் போய்தான் பலர் இஎஃப்ஐ-யில் கை வைக்கிறார்கள். அது போனால் விண்டோஸ் பூட் ஆகாது. டிஸ்க்பார்ட்டில் (அதே வேலையைக் கமாண்ட் மூலம் செய்யும் கருவி) 'ரிசர்வ்டு' என்று தெரியும் 16 எம்பி-யையும் விட்டுவிடுங்கள்.

இனி ரெக்கவரி. அதன்மேல் ரைட் கிளிக் செய்தால் 'ஹெல்ப்' மட்டும் வருவது பழுதல்ல, பாதுகாப்பு. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'ரீஏஜென்ட்சி /இன்ஃபோ' (reagentc /info) கொடுங்கள். வரும் பாதையில் ஹார்டுடிஸ்க்0, பார்ட்டிஷன்4 என்பதுபோல எண்கள் இருக்கும். இப்போது பயன்பாட்டில் உள்ள ரெக்கவரி அதுதான். இரண்டு மூன்று ரெக்கவரி இருந்தால் மற்றவை பெரும்பாலும் விண்டோஸ் பழைய அப்கிரேடுகளில் விட்டுப்போனவை, அல்லது லேப்டாப் கம்பெனி வைத்த 10, 15 ஜிபி ஃபேக்டரி ரீசெட் பிரதி. கம்பெனி பிரதியை அழிப்பதானால் முதலில் யூஎஸ்பி-யில் ரெக்கவரி டிரைவ் செய்துகொள்ளுங்கள். 500 எம்பி மிச்சங்களுக்காக மெனக்கெட வேண்டாம், வழியை மறித்தால் ஒழிய.

உங்கள் விஷயத்தில் ரெக்கவரியை அழிப்பதைவிடக் கடைசிக்கு நகர்த்துவதே மேல். முதலில் டேட்டாவை வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் குறியாக்கம்) இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் குறித்து வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக சஸ்பெண்ட் செய்யுங்கள். பிறகு 'ரீஏஜென்ட்சி /டிசேபிள்' (reagentc /disable). இதில் ரெக்கவரி கோப்பு சி-க்குத் திரும்பிவிடும். அடுத்து, பார்ட்டிஷன்களை நகர்த்தும் இலவச மென்பொருளான ஜிபார்ட்டெட்டின் லைவ் யூஎஸ்பி-யில் பூட் செய்யுங்கள். அதற்கு ஷட்டவுன் போதாது, 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும்போது ஷட்டவுன் என்பது பாதி உறக்கம்தான்.

ஜிபார்ட்டெட்டில் ரெக்கவரியை வலக்கோடிக்கு இழுத்து, கையோடு 1 ஜிபி ஆக்கிவிடுங்கள். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், ரெக்கவரியில் 250 எம்பி காலி இல்லாத கணினிகளில் எல்லாம் தோற்றுப்போனது. அந்தத் தலைவலி திரும்ப வேண்டாம். சி-யை ஜிபார்ட்டெட்டில் தொடாதீர்கள். 'அப்ளை' ஓடி முடியும்வரை சார்ஜரைக் கழற்றாதீர்கள். விண்டோஸுக்கு வந்து சி-யை எக்ஸ்டெண்ட் செய்து, 'ரீஏஜென்ட்சி /எனேபிள்' (reagentc /enable) கொடுத்து, /இன்ஃபோ-வில் எனேபிள்டு என்று வருகிறதா பாருங்கள்.

ரெக்கவரியை அழித்தே தீர வேண்டும் என்றால் டிஸ்க்பார்ட்: லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க், லிஸ்ட் பார்ட்டிஷன், செலக்ட் பார்ட்டிஷன், பிறகு 'டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு' (delete partition override). பென்டிரைவ், வெளி ஹார்டுடிஸ்க் எல்லாவற்றையும் முதலிலேயே பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் செலக்ட் செய்யும் டிஸ்க் எண் மாறிப்போகும். யாராவது 'கிளீன்' என்று டைப் செய்யச் சொன்னால் கேட்காதீர்கள், அது முழு டிஸ்க்கின் பார்ட்டிஷன் பட்டியலையே துடைத்துவிடும். பிட்லாக்கர் போட்ட சி மட்டும் மிஞ்சினால் ரெக்கவரியைத் திரும்ப எனேபிள் செய்ய முடியாமல் எரர் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் உள்ள டிஸ்க்கில் வேறொரு சிக்கல். டி அழிந்த இடம் கறுப்பாக இல்லாமல் பச்சையாக, 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்று நிற்கும். அது, வேறு டிரைவ்களை உள்ளே வைத்திருக்கும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனின் கூடு. அந்தக் கூட்டுக்குள் வேறு டிரைவ் எதுவும் இல்லையென்றால், பச்சைப் பட்டையின்மேல் இன்னொரு முறை ரைட் கிளிக் செய்து 'டெலீட் பார்ட்டிஷன்' கொடுத்தால் கறுப்பாகிவிடும். சி-க்கு ஒட்டி இருந்தால் அதன் பிறகு எக்ஸ்டெண்ட் வேலை செய்யும்.

தவறான பார்ட்டிஷனை அழித்துவிட்டால் அந்த இடத்தில் புது வால்யூம் உருவாக்கவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம். அழிந்தது பட்டியலில் உள்ள பதிவு மட்டும்தான். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளால் அதைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.