சூடானதும் நின்றுபோகும் பழைய புல்லட்: காயிலை மாற்ற வேண்டுமா?

சேலத்திலிருந்து தர்மபுரி வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டி நின்றுவிடுகிறது, ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது என்கிறீர்கள். காயில் (பிளக்கில் தீப்பொறி வர வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் பாகம்) மேல் சந்தேகம் நியாயம்தான், ஆனால் கண்டென்சர் (தீப்பொறிச் சுற்றில் உள்ள சின்ன மின்தேக்கி) கெட்டாலும் இதே தொல்லை வரும், விலையும் குறைவு, அதனால் முதலில் அதை மாற்றுங்கள். அப்புறமும் நின்றால், சூடு ஆறுவதற்குள் அங்கேயே மல்டிமீட்டரில் காயிலின் ஓம் (மின்தடை) பாருங்கள், ஏனென்றால் உள்ளே விட்டுப்போன கம்பி ஆறினால் ஒட்டிக்கொண்டு, வீட்டில் வைத்துப் பார்க்கும்போது நல்ல காயில் போலவே காட்டும். புதுசு வாங்குமுன் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள், பழைய புல்லட்டில் இரண்டும் உண்டு. 12 வோல்ட்டில் 6 வோல்ட் காயிலைப் போட்டால் கரண்ட் அதிகம் இழுத்துப் பாயின்ட் (காயிலின் கரண்டைத் திறந்து மூடும் தொடுமுனை) தீய்ந்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இன்னொன்று, இன்ஜின் ஓடாதபோது சாவியை ஆனில் விடாதீர்கள், பாயின்ட் மூடியிருந்தால் புதுக் காயிலும் சும்மாவே சூடாகும்.