பழகின சோப்பு இங்கே கிடைக்கவில்லை: கேள்வி பதில்

வெளிநாட்டில் குடியேறியபின் பிடித்த குளியல் சோப்புக்கு மாற்று தேடுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் சோப்பு ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்த நம் உறுப்பினர்.

கேள்வி: சின்ன வயதிலிருந்து ஒரே சோப்புதான். இங்கே அது இல்லை. கடையில் இருப்பதையெல்லாம் மாற்றி மாற்றி வாங்கிப் பார்க்கிறேன், எதுவுமே ஒட்டவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது சார்?

வாங்குவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். பழைய சோப்பில் உங்களுக்கு எது பிடித்தது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். வாசனையா, நுரையா, குளித்து முடித்தபின் தோல் இருக்கும் விதமா? நுரையும் கட்டியின் உறுதியும் எந்த எண்ணெயில் செய்தார்கள் என்பதைப் பொறுத்தவை. வாசனை என்பது எடையில் ஒன்றிரண்டு சதவீதமே இருக்கும் தனிச் சேர்க்கை. குளித்தபின் தோல் எப்படி இருக்கிறது என்பதில் சோப்புக்குப் பாதிப் பங்கு, உங்கள் ஊர்த் தண்ணீருக்கு மீதிப் பங்கு. மூன்றும் ஒரே கட்டியில் கிடைக்க வேண்டும் என்று தேடினால் அலைச்சல்தான். எது இல்லாமல் முடியாதோ அதை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுங்கள்.

இன்னொன்று, பழைய சோப்பின் உறை எங்காவது கிடந்தால் எறியாதீர்கள். ஊரில் யாரிடமாவது சொல்லி, பொருட்கள் பட்டியல் இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாலும் போதும்.

கேள்வி: அதே பெயர், அதே உறை, இங்கேயும் விற்கிறார்கள். ஆனால் போட்டால் வேறு சோப்பு மாதிரி இருக்கிறது. போலியோ?

போலியாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு கலவை போடுவது இந்தத் தொழிலில் சாதாரணம். ஓர் ஆலைக்குப் பாமாயில் எளிதாகக் கிடைக்கும், இன்னொன்றுக்கு மாட்டுக்கொழுப்பு மலிவாக வரும். சில பெயர்களின் உரிமையே வேறு வேறு நாட்டில் வேறு வேறு நிறுவனத்திடம் இருக்கிறது.

சட்டமும் ஒரு காரணம். லிலியால் என்று ஒரு வாசனைப் பொருள் உண்டு, லில்லி ஆஃப் தி வேலி என்ற பூவை நினைவூட்டும் மென்மையான மணம். பல சோப்புகளில் இருந்தது. 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதைத் தடை செய்துவிட்டார்கள். அந்த வாசனையை நம்பியிருந்த சோப்புகளை அங்கே மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது.

நாடு மாறாமலேயே கூட மாறும். பியர்ஸ் சோப்பின் கலவையை 2009இல் மாற்றியபோது பிரிட்டனில் வாடிக்கையாளர்கள் பெரிய கூச்சல் போட்டார்கள். பழையதற்கு நெருக்கமாகத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்று 2010இல் நிறுவனமே இறங்கிவந்தது. ஆகவே உறையில் உள்ள பெயரைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பாருங்கள்.

கேள்வி: நான் அந்தச் சிக்கலே வேண்டாமென்று ஊரிலிருந்தே பெட்டியில் கொண்டுவந்தேன். அதுவும் இங்கே சரியாக நுரைக்கவில்லை. உடம்பு பிசுபிசு என்கிறது, தலைமுடியில் பட்டால் சொரசொரப்பு. சோப்பு கெட்டுப்போய்விட்டதா?

சோப்பு நன்றாகத்தான் இருக்கும். உங்கள் குழாய்த் தண்ணீர் கடினம். மாற்று சோப்பு தேடுகிற பலர் கவனிக்காத விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருந்தால் கடின நீர். எண்ணெயும் காரமும் சேர்ந்து உண்டான அசல் சோப்பு இந்த இரண்டோடும் சேர்ந்து, தண்ணீரில் கரையாத வெள்ளைக் கசடாக மாறிவிடும். குளியலறைச் சுவரிலும் தொட்டி விளிம்பிலும் படிகிற சாம்பல் நிறப் படலம் அதுதான். அதே படலம் உடம்பிலும் முடியிலும் படியும். நுரைக்க வேண்டிய சோப்பில் ஒரு பங்கு கசடாகவே போவதால் நுரையும் குறைகிறது, கட்டியும் சீக்கிரம் தேய்கிறது.

ஒரு லிட்டரில் 60 மில்லிகிராமுக்குள் கடினத்தன்மை இருந்தால் மென்னீர், 180க்கு மேல் போனால் மிகக் கடினம் என்பது பரவலாகச் சொல்லும் கணக்கு. உங்கள் பகுதிக் குடிநீர் வாரியத்தின் இணையப் பக்கத்தில் பெரும்பாலும் இந்த எண் இருக்கும். பார்க்க முடியாவிட்டால் ஒரு சோதனை செய்யுங்கள். இஸ்திரிப் பெட்டிக்கும் பேட்டரிக்கும் ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி, இரண்டு சின்னப் புட்டிகளில் ஒன்றில் அதையும் இன்னொன்றில் குழாய்த் தண்ணீரையும் பாதி ஊற்றி, சோப்பைச் சீவிச் சம அளவு போட்டுக் குலுக்குங்கள். டிஸ்டில்டு வாட்டரில் நுரை நிற்கும். குழாய்த் தண்ணீரில் நுரை அமுங்கி, கீழே பால் போலக் கலங்கினால் காரணம் தெரிந்துவிட்டது.

சரி, தெரிந்தபின் என்ன செய்வது? வீடு முழுக்க நீர் மென்மையாக்கும் கருவி வைக்கலாம், வாடகை வீட்டில் அது நடக்காது. ஷவர் தலையில் மாட்டும் சின்ன வடிகட்டிகள் பெரும்பாலும் குளோரினைக் குறைக்கத்தான், கடினத்தன்மையை அவை பெரிதாகத் தொடாது. விளம்பரத்தை நம்பிப் பணம் போடாதீர்கள். கடின நீரில் கசடு உண்டாக்காத சிண்டெட், அதாவது சோப்பு அல்லாத கட்டிக்கு மாறுவது எளிய வழி. அதைப் பற்றிக் கீழே வேறொருவர் கேட்டிருக்கிறார்.

கேள்வி: எனக்கு இதற்கு நேர் எதிர் தொல்லை அண்ணா. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வழவழப்பு போகவே மாட்டேன் என்கிறது.

அது மென்னீர். கசடு உண்டாகாததால் கடைசிச் சோப்பு வரை வழவழப்பாகத் தெரியும். உப்புத் தண்ணீரில் குளித்துப் பழகியவர்களுக்கு சோப்பு போகாத மாதிரி இருக்கும், ஆனால் போயிருக்கும். சோப்பைப் பாதியாகக் குறையுங்கள்.

கேள்வி: உறையில் சோடியம் அது, சோடியம் இது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதை எப்படிப் படிப்பது?

எது அதிகமோ அது முதலில் என்ற வரிசையில் எழுதியிருப்பார்கள். ஒரு சதவீதத்துக்கும் குறைவானவை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். முதல் மூன்று பெயரிலேயே சோப்பின் குணம் தெரிந்துவிடும்.

சோடியம் பாமேட் என்றால் பாமாயிலில் செய்த சோப்பு. சோடியம் டாலோவேட் மாடு, ஆட்டுக்கொழுப்பு. இரண்டும் கட்டிக்கு உறுதியும் கிரீம் போன்ற மெல்லிய நுரையும் தரும். சோடியம் கோகோயேட் தேங்காயெண்ணெய், சோடியம் பாம் கெர்னலேட் பனைக்கொட்டை எண்ணெய். பெரிய குமிழி, பொங்குகிற நுரை, பளிச்சென்று கழுவிவிடும் தன்மை எல்லாம் இவற்றால்தான். அளவு கூடினால் தோலை உலர்த்தவும் செய்யும். வழக்கமான குளியல் சோப்பில் முதல் வகை நான்கு பங்கு, இரண்டாம் வகை ஒரு பங்கு என்ற அளவில் கலப்பார்கள். சோடியம் ஆலிவேட் ஆலிவ் எண்ணெய். மென்மையானது, நுரை குறைவு, கொழகொழப்பாக இருக்கும். பொங்கும் நுரைக்குப் பழகியவர்களுக்குப் பிடிப்பது கஷ்டம்.

டால்க், கயோலின், ஸ்டார்ச் போன்றவை பட்டியலில் மேலே இருந்தால் கட்டியில் ஒரு பகுதி வெறும் நிரப்பு. கிளிசரின், சர்பிட்டால், சர்க்கரை எல்லாம் சேர்ந்து வந்தால் கண்ணாடி போன்ற வகையாக இருக்கலாம். டெட்ராசோடியம் இடிடிஏ என்று ஒன்று வரும், பயப்பட வேண்டாம். தண்ணீரிலும் எண்ணெயிலும் இருக்கும் உலோகத் துணுக்குகளால் சோப்பு நிறம் மாறிக் காறல் வாடை அடிக்காமல் இருக்கப் போடுவது. உங்கள் கடின நீரைச் சரிசெய்கிற அளவுக்கு அது இருக்காது.

பழைய உறையையும் புதிய உறையையும் பக்கத்தில் வைத்து முதல் மூன்று பெயரும் ஒரே வரிசையா என்று பாருங்கள். ஒத்துப்போனால் நுரையும் உறுதியும் ஏறக்குறைய ஒத்துப்போகும்.

கேள்வி: நாங்கள் சைவம். மாட்டுக்கொழுப்பு இல்லை என்று எப்படி உறுதி செய்வது?

டாலோவேட் என்ற பெயரையும், பன்றிக்கொழுப்பைக் குறிக்கும் லார்டேட் என்ற பெயரையும் தேடுங்கள். சிக்கல் என்னவென்றால் கிளிசரின், ஸ்டியரிக் அமிலம், சோடியம் ஸ்டியரேட் மூன்றும் தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம், பட்டியலில் பெயர் ஒன்றுதான். வீகன் முத்திரை உள்ளதை எடுப்பது நிம்மதி. முத்திரை இல்லாவிட்டால் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு வேண்டியது சந்தன வாசனை மட்டும்தான். இங்கே சந்தனம் என்று போட்டு விற்கிற எதுவுமே சந்தனமாக இல்லை!

உங்கள் கோபம் நியாயமானது. பல மரங்கள் இந்தப் பெயரில் விலைபோகின்றன. நாம் சந்தனம் என்று அறிந்தது சாண்டலம் ஆல்பம். ஆஸ்திரேலியாவில் விளையும் சாண்டலம் ஸ்பிகேட்டமும் சந்தனம்தான், ஆனால் சாண்டலால் என்ற மணப்பொருள் அதில் குறைவு, வாசனை கொஞ்சம் வறண்டது. அமைரிஸ் என்ற மரத்தை மேற்கிந்தியச் சந்தனம் என்பார்கள், சந்தனத்துக்கும் அதற்கும் உறவே கிடையாது. இது போக, செயற்கை மணப்பொருட்களால் கட்டிய சந்தன வாசனைதான் சோப்புகளில் அதிகம். அவை எல்லாம் பர்ஃப்யூம் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். நீங்கள் ஊரில் பழகிய சோப்பின் வாசனையிலும் ஒரு பகுதி அப்படி இருந்திருக்கலாம், அதனால் இயற்கை என்று போட்டதுதான் சரியாக இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

கடையில் உறையோடு முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். முதலில் எழும்புவது எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற லேசான மணம். சந்தனம் கனமானது, அடியில் நிற்கும். சின்னக் கட்டி ஒன்று வாங்கி வெந்நீரில் கை கழுவி, துடைத்து, சற்று நேரம் கழித்துக் கையை முகர்ந்து பாருங்கள். அப்போது மீதி இருப்பதுதான் நீங்கள் தேடும் வாசனை.

கேள்வி: இந்தக் குளிரில் தோல் வெடிக்கிறது. சோப்பு அல்லாத கட்டி போடச் சொல்கிறார்கள். அது என்ன? பாடி வாஷ்தான் ஒரே வழியா?

பாடி வாஷ் கட்டாயம் இல்லை. அவர்கள் சொல்வது சிண்டெட். பார்க்கச் சோப்பு மாதிரியே கட்டியாக இருக்கும், ஆனால் எண்ணெயைக் காரத்தோடு காய்ச்சிச் செய்தது அல்ல. பட்டியலில் முதலில் சோடியம் கோகாயில் ஐசெத்தியோனேட் அல்லது சோடியம் லாரோயில் ஐசெத்தியோனேட் என்று இருக்கும். 1957இல் அமெரிக்காவில் வந்த டவ் இந்த வகையில் பிரபலமானது. அசல் சோப்பின் பிஎச், அதாவது அமில கார அளவு, 9 முதல் 10 வரை போகும். நம் தோல் 5க்குப் பக்கத்தில் இருக்கும் அமிலத்தன்மை கொண்டது. சிண்டெட்டைத் தோலுக்கு நெருக்கமான பிஎச்சில் செய்ய முடியும், அதனால் வறட்சி குறையும்.

ஆனால் முதல் நாளில் ஏமாற்றமாக இருக்கும். கழுவி முடித்ததும் தேய்த்தால் கிறீச் என்று கேட்கிற சுத்தம் இதில் வராது, ஏதோ தடவிக்கொண்ட மாதிரி இருக்கும். அது பழகிவிடும். தோல் கரப்பான் இருப்பவர்கள் வாசனை சேர்க்காத வகையைத் தேடுங்கள். இதில் ஒரு நுணுக்கம்: மணமற்றது என்று போட்டதில் வாடையை மறைக்கவே கொஞ்சம் வாசனைப் பொருள் இருக்கலாம். நறுமணம் சேர்க்கவில்லை என்று தெளிவாகச் சொல்வதை எடுங்கள். வெந்நீரின் சூட்டைக் குறைத்து, ஈரம் காய்வதற்குள் கிரீம் தடவினால் பாதிப் பிரச்சினை சோப்பை மாற்றாமலேயே தீரும். வெடிப்பில் ரத்தம், நீர் வந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: வியர்வைக்குக் கிருமிநாசினி சோப்புதான் போடுவேன். இங்கே அந்த வகையே அதிகம் இல்லையே?

டிரைக்ளோசான் உட்பட 19 பொருட்களைச் சோப்பில் கிருமிநாசினியாக விற்கக்கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் சொல்லிவிட்டது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும் விட அவை மேல் என்று நிறுவனங்களால் நிரூபிக்க முடியவில்லை. நீங்கள் இழந்தது அந்தக் காரமான வாசனைதான். டீ ட்ரீ எண்ணெய் உள்ள சோப்பு ஒன்று பாருங்கள், வாசனைக்காக மட்டும்.

கேள்வி: பேசாமல் ஊருக்குப் போகும்போது மொத்தமாக அள்ளிவந்துவிட்டால்? எவ்வளவு நாள் தாங்கும்?

தாராளமாகச் செய்யலாம். கட்டிச் சோப்பு திரவம் அல்ல, கைப்பையில் 100 மில்லி கட்டுப்பாடு அதற்கு இல்லை. எடைதான் இடிக்கும். உறையைப் பிரிக்காமல் வெயில் படாத, ஈரமில்லாத அலமாரியில் வைத்தால் வருடக்கணக்கில் நுரைக்கும். வாசனை மட்டும் மெல்ல இறங்கும், அதனால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். வேறு வேறு வாசனைச் சோப்புகளை ஒரே டப்பாவில் அடைக்காதீர்கள், ஒன்றின் மணம் இன்னொன்றில் ஏறிவிடும். கட்டியில் செம்மஞ்சள் புள்ளி விழுந்து பழைய எண்ணெய் வாடை அடித்தால் காறிப்போய்விட்டது என்று பொருள், தூக்கிப் போடுங்கள்.

முழு வருடத்துக்கும் கொண்டுவர முடியாவிட்டால் பிரித்துப் பயன்படுத்துங்கள். தினமும் உடம்புக்கு இங்கே கிடைக்கும் கட்டி, வாரத்தில் ஒருநாள் எண்ணெய்க் குளியலுக்கோ விசேஷ நாளுக்கோ ஊர் சோப்பு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பர்கள் பலர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

கேள்வி: ஒன்று பிடித்துவிட்டது. ஆனால் சீக்கிரம் கரைந்து கொழகொழ என்று ஆகிவிடுகிறது.

கிளிசரின் அதிகமோ, கையால் செய்ததோ, பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஓட்டையுள்ள தட்டில், ஷவர் தண்ணீர் தெறிக்காத இடத்தில் வையுங்கள். இரண்டு கட்டியை மாற்றி மாற்றிப் போட்டால் ஒவ்வொன்றும் நன்றாகக் காய நேரம் கிடைக்கும். கட்டியைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை எடுத்து வைத்தாலும் சரிதான்.

கேள்வி: புதுச் சோப்பு ஒத்துக்கொள்ளுமா என்று உடம்பு முழுக்கப் போடுவதற்கு முன்னால் எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு எதைப் போட்டாலும் அரிக்கும்.

முழங்கை மடிப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் தினம் இருமுறை போட்டு, குளிக்கும்போது எவ்வளவு நேரம் உடம்பில் இருக்குமோ அவ்வளவு நேரம் விட்டுக் கழுவுங்கள். ஏழு முதல் பத்து நாள் பாருங்கள், ஒவ்வாமை ஒரே நாளில் தெரிந்துவிடாது. சிவக்கவோ அரிக்கவோ செய்தால் அந்த உறையையும், பழைய சோப்பின் உறையையும் சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். லிமோனீன், லினலூல் போன்ற வாசனைப் பொருட்களைத் தனியாகப் பெயர் போட்டு எழுத வேண்டும் என்ற விதி சில நாடுகளில் உண்டு. ஒவ்வாத பொருள் எது என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டால், அந்த ஒரு பெயரை மட்டும் தவிர்த்து மீதி எல்லாவற்றையும் தைரியமாக வாங்கலாம்.