பாலைவனத்தில் கல்மரங்கள்

கேள்வி: அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் பெரிய மரங்கள் கல்லாகக் கிடப்பதைப் படத்தில் பார்த்தேன். வெயிலில் காய்ந்தே அவை கல்லாகிவிட்டனவா? அவற்றைத் துண்டு துண்டாக அறுத்தது யார்?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வெயிலுக்கு இதில் பங்கில்லை; அந்த மரங்களைக் கல்லாக்கியது தண்ணீர். இன்று வறண்டு கிடக்கும் அந்த நிலம், 21 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிலநடுக்கோட்டுக்கு அருகில், ஆறுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய பசுமையான தாழ்நிலமாக இருந்தது. கரையோரத்து ஊசியிலை மரங்கள் சாய்ந்து, வெள்ளத்தில் உருண்டு, கிளையும் பட்டையும் உரசி உதிர்ந்து, வெறும் அடிமரங்களாகச் சேற்றில் புதைந்தன.

காற்றுப் புகாத ஆழத்தில் மரம் எளிதில் மக்குவதில்லை. அந்தச் சேற்றில் எரிமலைச் சாம்பலும் கலந்திருந்தது. சாம்பலில் இருந்த சிலிக்கா (மணலிலும் உள்ள தாதுப்பொருள்) நிலத்தடி நீரில் கரைந்து, மரத்தின் நுண்ணறைகளுக்குள் ஊறி, அங்கேயே படிந்து குவார்ட்ஸ் என்ற கல்லாக இறுகியது. மரம் கல்லாக மாறியது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். மரம் சிறுகச் சிறுகக் காலி செய்த இடத்தில் கல் குடியேறியது என்பதே சரி. இந்தப் படிவு மிக மெதுவாக நடந்த மரங்களில் செல்களின் அமைப்பைக்கூட நுண்ணோக்கியில் காணலாம். சிவப்பும் மஞ்சளும் இரும்பு தந்த நிறங்கள், கறுப்பு மாங்கனீசு தந்தது. பொந்து விழுந்த மரங்களுக்குள் ஊதா நிறச் செவ்வந்திக்கல் படிகங்கள் வளர்ந்தன. அவற்றுக்காக வெடி வைத்து மரங்களைப் பிளந்தவர்களும் ஒரு காலத்தில் இருந்தார்கள்.

அறுத்தது யாருமில்லை. குவார்ட்ஸ் கடினமானது, ஆனால் வளையாது; பிற்காலத்தில் அந்த நிலப்பரப்பு முழுவதும் மேலெழும்பியபோது அழுத்தம் தாங்காமல் கண்ணாடிக் கோல்போலக் குறுக்காக முறிந்தது. பாலைவனத்தின் பங்கு இதற்குப் பிறகுதான் வருகிறது. மண்ணைப் பிடித்துவைக்கப் புல் பூண்டு அதிகமில்லாத அந்த இடத்தில், எப்போதாவது பெய்யும் மழை மென்மையான களிமண்ணை அரித்துச் செல்ல, கரையாத கல்மரங்கள் மேலே தெரிகின்றன.

1906-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் பாதுகாப்பு அளித்த இப்பகுதி, 1962-இல் தேசியப் பூங்கா ஆனது. இங்கிருந்து ஒரு துண்டைக்கூட எடுத்துச் செல்லக் கூடாது. எடுத்துப் போய் மனம் உறுத்தியவர்கள் மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்பும் துண்டுகளை, எந்த இடத்தில் கிடந்தவை என்று தெரியாததால் பழையபடி வைக்க முடியாமல், பூங்காவில் தனியே ஒரு குவியலாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.