பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்!

(பார்மஸி கல்லூரியில் 31 ஆண்டுகள் மூலிகைப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியை, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

மேடம், என் மாமியாருக்கு 63 வயது, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். செம்பருத்தி டீ குடித்தால் பிரஷர் குறையும் என்று ஆராய்ச்சியே இருக்கிறதாமே? நாங்கள் வாங்கிய பொட்டலத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகி, கரூர்

மாத்திரையை நிறுத்த வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படியுங்கள்.

ஆராய்ச்சி இருப்பது உண்மைதான். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்தது, 2010-இல் வெளியானது. மொத்தம் 65 பேர். பாதிப் பேருக்குத் தினமும் மூன்று வேளை, வேளைக்கு 240 மில்லி டீ, ஆறு வாரம். மற்றவர்களுக்கு அதே நிறம், அதே ருசியில் ஒரு போலி பானம். டீ குடித்தவர்களுக்குப் பிரஷரின் மேல் அளவு சராசரியாக 7 புள்ளி குறைந்தது, போலி பானம் குடித்தவர்களுக்கு ஒரு புள்ளி சொச்சம். ஒரு டீக்கு இது நல்ல மார்க். ஆனால் அந்த 65 பேரில் ஒருவரும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் இல்லை. லேசாகக் கூடுதலாக இருந்தவர்கள், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், பூவே வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஹைபிஸ்கஸ்' என்று பொதுப்பெயர் இருப்பதால் வந்த குழப்பம் இது. அவர்கள் கொடுத்தது நாம் சாமி படத்துக்கு வைக்கும் செம்பருத்தி இல்லை. ஆந்திராக்காரர்கள் கோங்குரா என்று துவையல் அரைக்கிறார்களே, அந்தப் புளிச்சக்கீரைச் செடி. பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சிவப்பாக, சதைப்பற்றோடு நிற்கும் புல்லி இதழைக் காயவைத்து டீ போடுகிறார்கள். எகிப்திலும் சூடானிலும் கர்கதே என்று காலங்காலமாகக் குடிப்பது இதைத்தான். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் காய்ந்த செம்பருத்தி இதழையும் இதையும் ஒரே தட்டில் வைத்துக் கேட்பேன். வாயில் போட்டுப் பார்த்தவன் பிழைத்தான், ஏனென்றால் இது சுள்ளென்று புளிக்கும். கண்ணால் மட்டும் பார்த்தவன் மாட்டிக்கொள்வான்.

இப்போது உங்கள் பொட்டலம். முன்பக்கம் பெரிய சிவப்புப் பூ. பின்பக்கம் பொடி எழுத்தில் நாலாவது சரக்கு என்ன என்று பார்த்தீர்களா? அதிமதுரம். சர்க்கரை போடாமலே டீ இனிக்கிறது என்று மாமியார் சந்தோஷப்பட்டிருப்பார். அந்த இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் என்கிற பொருள், சிறுநீரகத்தில் ஒரு நொதியின் வேலையைத் தடுக்கிறது. விளைவாக உடம்பில் உப்பு தங்கும், பொட்டாசியம் வெளியேறும், பிரஷர் ஏறும். ஸ்வீடனில் 2024-இல் வெளிவந்த சோதனையில் தினம் 100 மில்லிகிராம் கிளிசிரைசினே இரண்டு வாரத்தில் பிரஷரை ஏற்றியது, அதுவும் ஆரோக்கியமான இளவட்டங்களுக்கு. தொண்டைக் கரகரப்புக்கு இரண்டு நாள் ஒரு துண்டு மெல்வது வேறு, தினம் மூன்று டம்ளர் குடிப்பது வேறு. மாமியார் சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால் பொட்டாசியம் இரண்டு பக்கமும் கசியும். பிரஷர் குறைய வாங்கியது பிரஷரை ஏற்றும் சரக்கோடு வந்திருக்கிறது. பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கையோடு கொண்டு போங்கள்.

ஸ்லிம் டீ குடித்து ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தேன். தொடரலாமா?
– வாசகர், ஓசூர்

அதில் 'சென்னா' என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். இருந்தால், குறைந்தது பெரும்பாலும் தண்ணீர். சென்னா என்பது நம் நிலாவாரை. எங்கள் பக்கத்துச் சரக்கு என்பதால் எனக்கு அதன்மேல் பாசம் உண்டு. உலகத்து மருந்து நூல்களிலேயே அதற்கு 'தின்னவேலி சென்னா' என்றுதான் பெயர், திருநெல்வேலி வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆனது. அருமையான பேதி மருந்து. சிறுகுடலை அப்படியே தாண்டிப் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்கள் உடைத்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். அதனால்தான் இரவு குடித்தால் காலையில் பிடிக்கிறது. சோற்றின் சத்தெல்லாம் அதற்கு முன்னாலேயே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டிருக்கும், கொழுப்பு எங்கே குறையப் போகிறது? மலச்சிக்கலுக்கு நாலு நாள் சரி. மாதக் கணக்கில் குடித்த என் பெரியம்மா மகள் கெண்டைக்கால் இழுத்து ராத்திரியில் அலறினாள். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் தரைமட்டம். நிறுத்துங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கலாமா?
– வாசகி, தேனி

கூடாது. டீயில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாத்திரைக்கு எலுமிச்சைச் சாறு நல்ல துணை.

மூலிகையைக் கொதிக்கவைக்க வேண்டுமா, வெந்நீரில் ஊறவைத்தால் போதுமா? என் அப்பாவும் அத்தையும் தினமும் சண்டை.
– வாசகர், தஞ்சாவூர்

இரண்டு பேருமே ஜெயிக்கலாம். வேர், பட்டை, கட்டை என்றால் அப்பா கட்சி. நிலவேம்புக் குடிநீர் போலக் கொதித்து வற்ற வேண்டும். துளசி, ஓமம், ஏலம் என்றால் அத்தை கட்சி. வெந்நீரை ஊற்றி உடனே மூடுங்கள். வாசனை வீடு முழுக்க வருகிறது என்றால் டம்ளரில் குறைகிறது என்று அர்த்தம்.

அத்தைக்குச் சொல்ல ஒரு கதை. சீனாவில் து யூயூ என்ற பெண் விஞ்ஞானி மலேரியாவுக்கு மருந்து தேடினார். நம் மாசிப்பத்திரிக்கு உறவான ஒரு செடி சில நேரம் வேலை செய்தது, பல நேரம் கைவிட்டது. பழைய ஓலையைப் புரட்டுவதுபோல நாலாம் நூற்றாண்டு மருத்துவ நூல் ஒன்றைப் புரட்டினார். அதில் 'ஒரு கைப்பிடி இலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி' என்று இருந்தது. கொதிக்கவை என்று இல்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, 1971-இல் குறைந்த சூட்டில் ஈதர் என்கிற கரைப்பானால் சாறு எடுத்தார். எலிகளிடம் மலேரியா ஒழிந்தது. அந்தச் சாற்றிலிருந்து வந்ததுதான் ஆர்ட்டிமிசினின், 2015-இல் அவருக்கு நோபல் பரிசு. அப்பாவிடம் இதைச் சொல்லும்போது மட்டும் அத்தை கொஞ்சம் மெதுவாகச் சொல்லட்டும்.

இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் தினமும் என்ன குடிக்கிறீர்கள்?
– வாசகி, நாகர்கோவில்

பால் விட்ட டீ, இரண்டு வேளை. மழை பெய்தால் ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போடுவேன். ஆறவைத்துத்தான் குடிப்பேன். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவிடக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016-இல் சொன்னதிலிருந்து வந்த பழக்கம் இது. ஆறிய டீயை மனுஷி குடிப்பாளா என்பது வீட்டுக்காரரின் கேள்வி. அவர் இன்னும் கடிதம் எழுதவில்லை.