மனப்பாடம் செய்தது யார்?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. கார் லைசன்ஸுக்கான உண்டாங் (சாலை விதிகள்) தேர்வில் இரண்டு தடவை தோற்றுவிட்டான். 50-க்கு முதலில் 36, அடுத்து 39. கேள்விப் புத்தகத்தைக் கையில் எடுக்கவே மாட்டேன் என்கிறான். நான்தான் சமைத்துக்கொண்டே ஒவ்வொரு கேள்வியாக வாசிக்கிறேன்; அவன் போனைப் பார்த்துக்கொண்டே ஏதோ ஒரு பதில் சொல்கிறான். வாசித்து வாசித்து கேஜாரா புள்ளிகள்கூட (சாலைக் குற்றங்களுக்குப் போடும் தண்டனைப் புள்ளிகள்) எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. கணவர் ஃபேக்டரி பஸ்ஸில் வேலைக்குப் போய்விடுவார். ஆட்டோ கியர் மைவி கார் வீட்டில் சும்மாதான் நிற்கிறது. மகனுக்கு லைசன்ஸ் கிடைத்தால் என் அம்மாவை மாதாமாதம் கிளினிக்குக்கு அழைத்துப் போக ஓர் ஆள் ஆச்சு. அவனை எப்படிப் படிக்க வைப்பது?
– 46 வயது வாசகி, பிறை, மலேசியா.

பதில்: படிக்க வைக்க வேண்டாம். நீங்கள் வாசித்துக் காட்டுகிற வரைக்கும் அவன் படிக்கப் போவதில்லை. தேங்காய் துருவிக்கொண்டே அம்மா கேள்வி கேட்பதும், மகன் போனிலிருந்து தலையை எடுக்காமல் "பி... இல்ல, சி" என்பதும் படிப்பே இல்லை. நாளைக்கு மூன்றாவது தடவையும் தோற்றால், நீங்கள் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று வந்து நிற்பான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அவனை விடுங்கள். கேஜாரா புள்ளிகள்கூட மனப்பாடம் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அம்மா, அந்தப் புத்தகத்தில் பலர் தடுக்கி விழும் இடமே அதுதான். சாலைப் பலகைகளை வடிவத்தையும் நிறத்தையும் வைத்தே சமாளித்துவிடலாம். சிவப்பு எண்கோணம் என்றால் நில், தலைகீழ் முக்கோணம் என்றால் வழிவிடு, மஞ்சள் சாய்சதுரம் என்றால் எச்சரிக்கை. ரவுண்டபவுட்டில் வலப்பக்கம் வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், வேக வரம்பு ஹைவேயில் மணிக்கு 110 கிலோமீட்டர், பினாங்குப் பாலத்தில் 80 என்பதெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய்வந்தாலே பாதி பதிந்துவிடும். எந்தக் குற்றத்துக்கு எத்தனை புள்ளி என்பது அப்படிப் பதியாது. உட்கார்ந்து நெட்டுருப் போட்டால்தான் உண்டு. அதையும் போட்டு முடித்தவர் நீங்கள். கார் வாசலில் நிற்கிறது. கிளினிக்குக்குப் போக வேண்டியவர் உங்களைப் பெற்றவர். பிறகு எதற்கு அந்தப் பையனைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறீர்கள்?

கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், நானே எழுதலாமா என்ற கேள்வி எங்கேயும் இல்லை. கார் சாவி ஆண்பிள்ளைக்கு, கிளினிக் வரிசை பெண்பிள்ளைக்கு என்று நம் வீடுகளில் பங்கு பிரித்து வைத்திருக்கிறோம். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. பெற்ற தாயைப் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை. பேரன் உதவினால் நல்லது. ஆனால் அவன் எப்போது மனம் வைப்பான் என்று உங்கள் தாயாரின் வைத்தியம் காத்திருக்க முடியாது. கார் லைசன்ஸ் எடுக்க 17 வயது ஆகியிருக்க வேண்டும் என்றுதான் சட்டம். 46 கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கணவரிடம் தகவல் சொல்லுங்கள், அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

டிரைவிங் ஸ்கூலில் பதிந்து, முதலில் கேபிபி 01 என்கிற சாலை விதி வகுப்பில் உட்கார வேண்டும். அப்புறம் கம்ப்யூட்டர் தேர்வு. மகனைப் பார்த்துத் தெரிந்திருக்கும்: 45 நிமிடம், 50 கேள்வி, 42 சரியாக இருக்க வேண்டும். நிறம் பிரித்தறியும் சோதனையும் உண்டு, அதற்குப் படிக்க ஒன்றுமில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். வாசித்துக் காட்டியே பழகியவர் நீங்கள். விடை கண்ணெதிரே இருக்கும்போது எல்லாமே தெரிந்த மாதிரிதான் இருக்கும். விடைப் பக்கத்தை மூடிவிட்டு, அடுப்படியை விட்டு வெளியே வந்து, போனில் 45 நிமிடம் வைத்து 50 கேள்வி போட்டுப் பாருங்கள். தவறியதை மட்டும் தனியாக எழுதி, ஏன் தவறு என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். விடை "சி" என்று எழுத்தை நினைவில் வைப்பது உதவாது. உங்களிடம் இருப்பது ஆட்டோ கியர் கார், அதனால் அதற்கான டிஏ லைசன்ஸே போதும். கிளட்சோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பிறகு 2 வருடம், புது ஓட்டுநர் என்று காட்டும் பி ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டுவீர்கள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

அது சரி, அந்த மைவி சாவி எங்கே இருக்கிறது? லைசன்ஸ் இல்லாத 19 வயதுப் பையன் இருக்கும் வீடு. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி ஓட்டியவன் மட்டுமல்ல, ஓட்ட விட்டவரும் குற்றவாளிதான். சாவியை எடுத்து உங்கள் பையில் போடுங்கள்.

மகன் மறுபடி எழுத விரும்பினால் எழுதட்டும். கட்டணத்தை அவனே கட்டட்டும், புத்தகத்தை அவனே புரட்டட்டும். ஆனால் அதுவரை அவனைச் சும்மா விடாதீர்கள். அடுத்த மாதம் கிராப் வாடகைக் கார் பிடித்துப் பாட்டியைக் கிளினிக்குக்கு அவன் அழைத்துப் போகட்டும். நம்பர் கூப்பிடும் வரை பக்கத்தில் உட்காரட்டும், மருந்து கவுன்டரில் நிற்கட்டும். இதற்கெல்லாம் உண்டாங் பாஸ் பண்ண வேண்டியதில்லை. அந்த அரை நாளில் நீங்கள் மைகாட்டை (அடையாள அட்டையை) எடுத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள்.